மழை மாதங்களுக்கு ஒரு நர்ஸ்

அண்ணே,

இன்று காலை கடைவீதிக்குப் போனேன். பஞ்சாயத்துப் பிரசவ விடுதியைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பினாயில் வாடை தெருமுனை வரைக்கும் வந்தது. பங்குனி பிறந்துவிட்டதல்லவா, சீசனுக்குத் திறக்கப்போகிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு எதுவும் ஓடவில்லை. வாங்கப் போன சாமானை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை. உங்கள் மேல் எனக்குள்ள கோபமும் ஆறவில்லை.

கோடைக்கானல் அளவுக்கு இல்லையென்றாலும் நம் ஊருக்கும் வெயில் மாதங்களில் பங்களாக்காரர்கள் வருவார்கள். அவர்களை வைத்துத்தான் பஞ்சாயத்துக்கு வரும்படி. தெருக் கூட்டுவது, மருந்தடிப்பது, நர்ஸ், எல்லாம் அவர்கள் இருக்கும்வரைதான். ஆடியில் விடுதிக்குப் பூட்டு. நர்ஸம்மா வத்தலக்குண்டில் தன் வீட்டுக்கு இறங்கிவிடுவார். "பூண்டுக்காட்டுப் பொம்பளைங்க என்ன சீசன் பாத்தா புள்ள பெக்குறாங்க?" என்று வருஷம் தவறாமல் மன்றத்தில் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியது நான்.

இன்னொரு வழக்கத்தையும் நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். ரோட்டுக் காண்ட்ராக்டைத் தன் மைத்துனருக்குக் கேட்ட மெம்பரை, "சொந்தக் காரியம்னா வெளிய போயிரணும்ங்க, அதான் முறை" என்று எழுப்பி அனுப்பினீர்கள். அன்று உங்களைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மூன்று வருஷம் முந்தி, அந்தப் பங்குனிக் கூட்டத்துக்கு முன்னால் நாம் இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்திருந்தோம். மழை மாதங்களிலும் நர்ஸை வைத்துக்கொள்ளும் தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்துவிடும் என்ற நிலை. அந்தப் பணத்தில் பங்களா ரோட்டுக்கு விளக்குப் போட வேண்டும் என்றிருந்த தலைவருக்கு முகமே சரியில்லை. அப்போதுதான் அவர் பக்கத்து மெம்பர் சிரித்துக்கொண்டே கேட்டார். "என்ன, மக முழுகாம இருக்காளாமே? அதான் இம்புட்டு அவசரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள்.

"அண்ணே, உக்காருங்க. இது காண்ட்ராக்ட் இல்ல" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி. நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசக் கூடாது."

வெளியே போய் வேலியோரம் நின்றீர்கள். உள்ளே ஓட்டு இரண்டு பக்கமும் சமமாக நின்றது. தலைவர் தன் ஓட்டை விளக்குக்குப் போட்டார்.

வள்ளி தாயில்லாமல் நீங்கள் வளர்த்த ஒரே பிள்ளை. புரட்டாசியில் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஐப்பசி மழையில் வலி கண்டது. கம்பளியை மூங்கிலில் கட்டி, அதில் அவளைத் தூக்கிக்கொண்டு கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். உங்களுக்குப் பயம் காட்டக் கூடாதென்று என்னிடம்தான், "சித்தப்பா, வெரசா போகச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். வளைவில் மண் சரிந்து ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. தோண்டிப் பார்த்தோம். ஏறிப் பார்த்தோம். அந்த இடத்திலேயே தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. அந்நேரம் நர்ஸம்மா வேலையில்லாமல் வத்தலக்குண்டில் இருந்தார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அனுதாபம் தெரிவித்தார்கள். பிறகு உட்கார்ந்து விளக்குக்கம்பம் எங்கே நடுவது என்று பேசினார்கள். நீங்களும் இருந்தீர்கள். கூட்டம் முடிந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அந்தத் தீர்மானத்த மறுபடி கொண்டு வா தம்பி. இனி என் வீட்டுல யாரும் இல்ல. இப்ப நான் ஓட்டுப் போடலாம்ல?"

அண்ணே, அதைக் கேட்டபிறகும் நான் எப்படித்தான் நடந்து வீடு வந்து சேர்ந்தேனோ. தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். நீங்கள் கை தூக்கினீர்கள். அதற்குள் நம் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் தலைவரோடு போய்விட்டார்கள். அடுத்த வருஷமும் தோற்றோம். இந்த வருஷம் நீங்கள் இல்லை.

யோக்கியமாக இருந்தீர்கள். அவர்கள் யாருமே அப்படி இல்லாத இடத்தில் நீங்கள் மட்டும் ஏன் அண்ணே இருந்தீர்கள்? பொம்பளை பிள்ளை பெறுவது சொந்தக் காரியமா? இதை உங்கள் முகத்துக்கு நேரே கேட்கத் தைரியமில்லாமல் இத்தனை நாள் நெஞ்சிலேயே வைத்திருந்தேன். கேட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கப் போகிறது.

நாளைக்குப் பங்குனிக் கூட்டம். நம் தீர்மானம் மறுபடி வருகிறது. என் மருமகளுக்கு மூன்றாம் மாதம். இரண்டாவது பிரசவம், எங்கள் வீட்டில்தான். நாள் சரியாக ஐப்பசியில் விழுகிறது. விஷயம் மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும், எவனாவது சிரித்துக்கொண்டே கேட்கத்தான் செய்வான். கேட்கட்டும். நான் எழுந்திருக்க மாட்டேன். ஆமாம், என் மருமகளுக்காகத்தான் என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்குவேன்.

நேற்றே எல்லார் வீட்டுக்கும் போய் வந்துவிட்டேன், அண்ணே. நம் பக்கம் யாரும் இல்லை.