சாம்பலனின் தங்கை

அன்பு மகள் சில்வண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் உன் ஆபீசுக்கு அனுப்புகிறேன். ஏன் என்று உனக்கே தெரியும். பிரித்ததும் அங்கேயே படித்துவிடு. பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போகாதே.

முதலில் நம் சாம்பலன் தொடரின் கதை. நீதான் டிவி ரிப்பேர் என்று மூன்று வாரமாகப் பார்க்கவில்லையே. இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் பாக்கி. ஏழு வருஷக் கதையை ஒரு மணி நேரத்தில் மூட்டை கட்டப் போகிறார்கள். போன வாரம் என்ன நடந்தது தெரியுமா? சாம்பலனும் அந்த விஞ்ஞானிப் பெண்ணும் மொட்டைமாடியில் நின்று மனம்விட்டுப் பேசினார்கள். நாற்பது நிமிஷம்! கீழே ஊரே பற்றி எரிகிறது, இவர்கள் வாழ்க்கை என்றால் என்ன என்று அலசுகிறார்கள். எரிந்து சாம்பலாகி மறுபடி எழுந்து வருவான் என்றுதானே அவனுக்கு அந்தப் பெயர்? இந்த வருஷம் ஒரு தடவையாவது எரிந்தானா? இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் நடமாடுகிறான். போதாக்குறைக்கு வில்லனும் திடீரென்று திருந்திவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். அவன் தங்கச்சியை மறந்தார்கள் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலாவது வருஷம் சுரங்க ரயில் நிலையம் இடிந்தபோது, அவளைக் கீழே ஒரு அறையில் விட்டுவிட்டு, “இங்கேயே இரு, வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினான். போனவன் போனவன்தான். மூன்று வருஷமாக அவள் பேச்சே இல்லை. எழுதுறவங்களுக்கே மறந்துபோச்சுப்பா என்று நீ அப்போதே சொன்னாய். கடைசியில் கூட்டிவருவான் பார் என்று நான்தான் சாதித்தேன்.

சனிக்கிழமை டிவியைப் பார்த்து நான் கத்தியதில் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். பேன்ட்டுக்கு மேலே ஜட்டி போட்டவனுக்காகவா இந்த வயசில் பிரஷரை ஏற்றிக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு கரண்டியும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முப்பத்தொரு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் கதவோரம் நின்று சொல்ல வேண்டும்: “பயப்படாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க, ஒண்ணும் ஆகாது, இதோ வந்துட்டேன்.” சொன்ன ஆள் அதற்கப்புறம் கதவு திறக்கிறவரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. டீ குடிக்கக்கூடப் போகக் கூடாது. உள்ளே இருப்பவருக்கு அந்தக் குரல்தான் பிடிமானம்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஆபீஸ் கட்டடத்தில், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஒரு கணக்கு டீச்சர் மாட்டிக்கொண்டார். இரண்டு மணி நேரம். நான் கதவோரமே நின்று பேசிக்கொண்டிருந்தேன், என் உதவியாள் ஒல்லிக்குச்சி மேலே மெஷினைப் பார்த்தான். வெளியே வந்ததும் அந்தம்மா, பேசினது யார் என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்க போயிடுவீங்களோன்னுதான் பயமா இருந்துச்சு என்றார்.

படியில் இறங்க ஆரம்பித்தேன். மூன்றாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். அதே வார்த்தைகளை உன்னிடமும் சொல்லியிருக்கிறேனே. எட்டு மாதத்துக்கு முன்னால் நீ அழுதுகொண்டு போன் செய்து, “அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க” என்றாய். நான் வேலையில் இருந்தேன், ஒரு கையில் கேபிள். பயப்படாதே, மூச்சை மெதுவா விடு, ஒண்ணும் ஆகாது, இதோ வந்துட்டேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்தேன். மறுநாள் எல்லாம் சரியாயிடுச்சுப்பா என்றாய். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை.

அதற்கப்புறம் சனிக்கிழமை தோறும் சாம்பலனைத் திட்டி நீ போனில் அனுப்பும் ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, பெண் சிரிக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். காய்ச்சலில்கூட ஒரு வாரம் விடாதவள், டிவி ரிப்பேர் என்று மூன்று வாரம் சும்மா இருப்பாயா? போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். குளிக்கிறாள் என்கிறார். எந்த நேரம் கூப்பிட்டாலும் குளித்துக்கொண்டேயிருக்கிறாய். இனி அதை நான் நம்பமாட்டேன், கண்ணு.

வியாழக்கிழமை ரயில் ஏறுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு உன் ஆபீஸ் கேட்டுக்கு எதிரே நிற்பேன். நீ கேலி செய்வாயே, அந்தச் சாம்பல் நிற வேலைச் சட்டையைத்தான் போட்டிருப்பேன், தூரத்திலேயே தெரியும். துணிமணி எதுவும் எடுக்க வேண்டாம். போகிறேன் என்று யாரிடமும் சொல்லவும் வேண்டாம். கைப்பையோடு வழக்கம்போல் வேலைக்கு வா, போதும். அம்மா உன் அறையிலிருந்து தையல் மெஷினை வெளியே எடுத்துவிட்டாள். ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருக்கிறாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஒருவேளை நான் நினைப்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். அப்படியானால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரி, உன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறேன். கடிதம் கிடைத்ததும் சாம்பலனைத் திட்டி ஒரு வரி அனுப்பு. யார் பார்த்தாலும் சந்தேகம் வராது. வரி வந்தாலும் வராவிட்டாலும் வெள்ளிக்கிழமை நான் அங்கே நிற்பேன்.

அதுவரை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாட்டிக்கொண்டவர்கள் பயத்தில் உள்ளேயிருந்து கதவை நெம்புவார்கள், அதில்தான் அடிபடுவது. நீ எதுவும் நெம்பாதே, எதிர்த்துப் பேசாதே, வெள்ளிக்கிழமை வரை பத்திரமாக இரு. கதவைத் திறக்கிற சாவி எப்போதும் வெளியே நிற்பவனிடம்தான் இருக்கும். எட்டு மாதம் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவனை மன்னித்துவிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், தாயே.

இனி இடத்தை விட்டு நகராத,
உன் அப்பா