அப்பா பிரேம் போட்ட படம்

அன்பு மகள் பஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் உள்ளே உருண்டு புரளும் அந்தக் குட்டி ஆளும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்தாலும் படுத்தாலும் என் நினைப்பு. அப்பாவின் முழங்கால் வலி தேவலை, மாடி வீட்டு டீச்சர் வயலின் கற்றுக்கொள்கிறாள், அந்தச் சத்தத்துக்குப் பூனை வீட்டையே மாற்றிக்கொண்டுவிட்டது. நீ கேட்ட க்ரீமை நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்தே வாங்கி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன், அரிப்புக்கு இதமாக இருக்கும், ஆனால் வயிறு விரிந்து விழுந்த கோடுகளை அழிக்கும் என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பாதே, விற்கிறவளே சொல்கிறேன். போகப் போக நிறம் மங்கும், முழுதாகப் போகாது. உள்ளங்கை உள்ளங்காலில் அரித்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்.

அம்மா மட்டும் பார் என்று வயிற்றைப் படம் எடுத்து அனுப்பினாயே, கிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டேன், அவர் முகம் சுளித்துவிடுவாரோ என்று தனி அறையில் படுக்கிறேன், பிள்ளை உதைப்பதைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாலும் போர்வையை இழுத்துக்கொள்கிறேன் என்றாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குள் இங்கே ஒரு கூத்து, திட்டாதே. உன் அப்பா என் போனைக் குடைந்து அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் மிகக் கிட்டத்தில் எடுத்ததில்லையா, அலை இறங்கிப் போன ஈர மணல் என்று நினைத்துவிட்டார் மனுஷன். நம் போட்டோ பிரேம் கடையிலேயே பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, இருப்பதிலேயே நல்ல மரத்தில் பிரேம் போட்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியும் விட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அது உன் வயிறு என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் எதிரே நாற்காலியைப் போட்டு, டீ ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்கால வெயில் அதன்மேல் நகர நகர அந்தக் கோடுகள் மினுங்கின, கொஞ்ச நேரத்தில் அது நீயா கடலா என்று எனக்கே பிடிபடவில்லை, மெல்ல மூச்சு விடுவது போலக்கூட இருந்தது. அடுத்த அலை வந்தா எல்லாம் அழிஞ்சிருக்கும், நல்லவேளை அதுக்குள்ள நம்ம பொண்ணு பாத்துட்டா என்றார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

படத்தைக் கழற்றச் சொன்னால் இன்றே கழற்றுகிறேன், உன் உடம்பு, நீ சொல்வதுதான். ஆனால் மாப்பிள்ளைக்கு என்ன தோன்றும் என்பதை அவருக்குப் பதில் நீயே முடிவு கட்டாதே கண்ணு. அங்கே நீ இருட்டில் தனியாகச் சுருண்டு படுத்திருப்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இடப்பக்கம் சாய்ந்து படு, தண்ணீர் குடிக்க மறக்காதே. பிரசவத்தில் தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிந்து, நீண்ட காலம் நன்றாக இருங்கள். இது எந்தக் கடற்கரைன்னு கேட்டு எழுது, பிரசவத்துக்குப் போறப்ப ஒரு நடை பாத்துட்டு வரலாம் என்று அப்பா இப்போதுகூடச் சொல்லிவிட்டுப் போகிறார். மாப்பிள்ளை பார்க்கும் முன்னே அப்பாவிடம் உண்மையைச் சொல்வது முறையில்லை, அதனால் நீ மாப்பிள்ளைக்குச் சீக்கிரம் காட்டு.

உன்னை வயிற்றில் சுமந்த,
அம்மா