ஒரு சைஸ் பெரிசு

திங்கட்கிழமை, மதியம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். வாலு நலமாக இருக்கிறாள். இந்த வரியை முதலில் மனசில் வாங்கிக்கொள், பிறகு மற்றதைப் படி. இப்போது உள்ளறையில் தூங்குகிறாள். நான் தையல் மிஷின் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறந்திருப்பதால் அவள் முதுகு இங்கிருந்தே தெரிகிறது. ஆனாலும் இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது, அம்மா. நேற்றுச் சாயங்காலம் படகுப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டாய். நல்ல காற்று என்றேன். குழந்தை படுத்தினாளா என்றாய். சமர்த்தாக இருந்தாள் என்றேன். இரண்டும் உண்மைதான். போனை வைத்த பிறகு ஒரு மணி நேரம் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

இதை நீ முதலில் படித்துவிட்டு அப்புறம் என் மகனிடம் கொடு. அவன் தாம்தூம் என்று குதிப்பான், பொழுது சாய்வதற்குள் மறந்தும் விடுவான். நீ ஒன்றுமே சொல்ல மாட்டாய். எனக்கு அதுதான் பயம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒன்று கேட்டாயே. வேலை ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அந்த ஒரு வருஷமும் வாலு உங்களிடமே இருக்கட்டுமா மாமா என்று. நான் யோசிக்கவே இல்லை. தாராளமாக என்றேன். அந்தத் தாராளத்தை நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ புதிதாக முடிவெடுக்க வேண்டும்.

பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். குளிர் விட்டு வெயில் வந்த முதல் சனி ஞாயிறு. மரமெல்லாம் துளிர்த்திருந்தது. காம்பஸின் படகில் ஏரிக்குப் போவதென்று முடிவானது. காம்பஸ் யாரென்று உனக்குத் தெரியும், எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற கையோடு பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். சின்னப் படகுதான், உள்ளே நாலு பேர் முட்டிக்கொண்டு படுக்கலாம். படகைத் திருப்ப வேண்டுமென்றால் இத்தனை டிகிரி என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். கேட்டுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் காற்றிடமே சொல்வார். அவர் மனைவி பல் டாக்டரும் கூட வந்தார். வாலுவுக்கு முதல் பல் முளைத்ததும் பிரஷ் வாங்கி வந்த அதே அம்மாதான்.

உன் பெண் பயப்படவே இல்லை. படகு ஒரு பக்கமாகச் சாயும்போது நான் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் மடியில் உட்கார்ந்துகொண்டு இன்னும், இன்னும் என்றாள். பிஸ்கட்டை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுவிட்டு அதற்கு டாட்டா காட்டினாள். ராத்திரி மூன்று பேரையும் முறை வைத்து உதைத்தாள். எழுபதை எட்டப்போகிற காம்பஸ் ஞாயிற்றுக்கிழமை காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து எனக்கு ஒரே சிரிப்பு.

பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தேன். அவள் இருமவில்லை. ஏன் இருமலைப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன், பொறு.

லைஃப் ஜாக்கெட் விஷயம் இது. குழந்தையின் எடையைச் சொல்லி அதற்கேற்றதாக வாங்குங்கள் என்று காம்பஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை உன்னிடம் பேசிவிட்டு நேரே கடைக்குப் போனேன். இன்னும் ஒரு வருஷம் இவள் நம்மோடு என்கிற சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. கடைப்பெண் பன்னிரண்டு கிலோவுக்கு உரியதை எடுத்து வைத்தாள். அடுத்த சைஸ் கேட்டேன். எடைக்குத்தான் சார் பார்க்கணும் என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நாற்பது வருஷம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவன் நான். வருகிற அப்பா அம்மாவிடமெல்லாம் ஒரு சைஸ் பெரிசா எடுங்க, ரெண்டு வருஷத்துக்கு வரும் என்று சொல்லியே தொழில் செய்தவன். இருபது வயசுப் பெண் எனக்குச் சட்டை அளவு சொல்லித்தருகிறாளா என்று நினைத்தேன். அடுத்த வருஷமும் இவளுக்கு இது ஆகும் என்று பெரிசையே வாங்கி வந்தேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று இருந்தது. அதற்கென்ன, என் வீட்டில் மிஷின் இல்லையா? இரண்டு பக்கமும் பிடித்துத் தையல் அடித்தேன். கால் இடுக்கில் மாட்டுகிற வார் ஒன்று உண்டு. அது அவளுக்கு முழங்கால்வரை தொங்கியது, டயப்பர் மேல் இடித்தது. அதை மடித்து உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டேன். வெளியே தெரியாது. படகுத்துறையில் காம்பஸிடம் காட்டினேன். பிரமாதம் என்றார். அவருக்குத் தையல் தெரியாது, எனக்குப் படகு தெரியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பி வந்தோம். காம்பஸ் பாயை இறக்கிவிட்டுச் சுக்கானைப் பிடித்திருந்தார். நான் கயிற்றோடு முதலில் துறையில் இறங்கினேன். படகை இழுத்துப் பிடிப்பது என் வேலை. குழந்தையைத் தூக்கித் தருவது பல் டாக்டரின் வேலை. அவர் பையை ஓரமாக வைக்கக் குனிந்தார், அவ்வளவுதான். வாலு என்னைப் பார்த்துவிட்டு, தாத்தா என்று காலை எடுத்து வைத்தாள். படகுக்கும் துறைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது. அதற்குள் விழுந்துவிட்டாள்.

ஜாக்கெட் அவளை உடனே மேலே கொண்டு வந்தது. அதுவரை அது தன் வேலையைச் செய்தது. பல் டாக்டர் குப்புறப் படுத்து, முதுகுப்பக்கம் இருக்கும் பிடியைப் பிடித்து மேலே இழுத்தார். அப்போது வாலு இரண்டு கையையும் தூக்கினாள்.

உனக்குப் புரிகிறதா, அம்மா? சட்டை கழற்றும்போது கையைத் தூக்கு தங்கம் என்று தினமும் நான்தான் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். யாராவது சட்டையை மேலே இழுத்தால் கையைத் தூக்க வேண்டும் என்பது அவளுக்குப் பாடம். சமர்த்தாகத் தூக்கினாள். ஜாக்கெட் பல் டாக்டரின் கையோடு வந்துவிட்டது. அவள் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. இப்போதும் பார்த்தேன். தோள் அகலம் பெரிசு, வார் இல்லை, அதனால் ஜாக்கெட் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

நான் குதிக்கவில்லை. இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். காம்பஸ் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “கயித்த மட்டும் விட்டுடாதீங்க.” கயிறு தளர்ந்தால் படகு ஆடி வந்து துறையில் மோதும், நடுவில் குழந்தை. அவர் சொன்னது சரிதான். நான் விடவில்லை. என் பேத்தி தண்ணீருக்கடியில் இருந்தபோது நான் மேலே ஈரம் படாமல் நின்றேன். அறுபத்து மூன்று வயசுப் பல் டாக்டர் செருப்போடு குதித்தார். அவருக்கு மார்பளவு தண்ணீர்தான். வாரியெடுத்து என்னிடம் நீட்டினார்.

நாலு நொடி என்கிறார் காம்பஸ். அவர் கணக்கு தப்பாது. எனக்கு அது இன்னும் முடியவில்லை.

அவள் இருமினாள், வாந்தி எடுத்தாள், பிறகு ஊரைக் கூட்டி அழுதாள். ஏரிக்கரை மருத்துவமனையில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தார், நுரையீரலில் ஒன்றுமில்லை என்றார். ஒரு நாள் இருமலையும் மூச்சையும் கவனிக்கச் சொன்னார். அந்த ஒரு நாள் இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிகிறது. காலையில் பால் குடித்தாள், செருப்பை ஒளித்து வைத்தாள், எல்லாம் வழக்கம்போல. குளிக்க வைக்கச் சட்டையைப் பிடித்தேன், கையைத் தூக்கினாள். நான் அப்படியே பாத்ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

காரில் வரும்போது காம்பஸ் எனக்குச் சமாதானம் சொன்னார். அவ்வளவு தூரத்தில் இருப்பவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, பாவம், பயந்துபோவாள் என்றார். பல் டாக்டர் ஈரத்தோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே சொன்னார்: “சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா அவ என்னைக் கேட்டா நான் மறைக்க மாட்டேன்.” நல்ல மனுஷி. அவருக்கு நீ ஒரு வரி எழுது. எனக்கு எழுதுவதற்கு முன்னால் அவருக்கு எழுது.

உன்னைப் பெற்ற அம்மா இருக்கும்போது நீ குழந்தையை என்னிடம் விட்டாய். உன் அம்மாவுக்கு அதில் வருத்தம் என்று எனக்குத் தெரியும். மாமா கவனமானவர் என்று நீ சொன்னதாக என் மகன் சொன்னான். அதைக் கேட்டு நான் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். கவனம் இருந்தது, அம்மா. அதைவிடப் பெரிசாக நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற கொழுப்பும் இருந்தது. இந்த வயசில் அது எனக்குள் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. இனிமேல் நடக்காது என்று உன்னிடம் சத்தியம் செய்ய வாய் வரவில்லை.

அவள் என்னோடு இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதை மறைக்கவில்லை. ஆனால் என் ஆசையைப் பார்த்து நீ கையெழுத்துப் போடக் கூடாது. மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் ஐந்து நாளில் வந்துவிடும். நன்றாக யோசி. திட்டத் தோன்றினால் திட்டி எழுது, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன். பரவாயில்லை மாமா என்று மட்டும் எழுதிவிடாதே. நீ எப்போதும் அதைத்தான் சொல்வாய். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?

உனக்கும் அவனுக்கும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும். அவளை அழைத்துப் போக வருவதாக முடிவு செய்தால், எந்த நாளும் எனக்குச் சம்மதம். துணிமணியெல்லாம் துவைத்து மடித்து வைத்திருப்பேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய்விடாதே. விழித்ததும் என்னைத் தேடுவாள்.

இப்படிக்கு,
உன் மாமா