நாலாவது விசில்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் பருப்பு சூப். இன்றைக்கும் அது சூப் இல்லை, வெறும் பருப்பு. நேற்று உப்பு குறைவு, இன்று உப்பு அதிகம். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு நாளும் ஒன்றுதான்: கரண்டியை நட்டால் நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் படங்களை ஒட்ட இனிமேல் கடைக்குப் போய்ப் பசை வாங்க வேண்டியதில்லை.

"எப்படி இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"சூப்பர்லேருந்து 'பர்'ரை எடுத்துட்டா என்ன மிஞ்சுமோ, அது."

சிரிக்கவில்லை. ஒரு வாய் வைத்துப் பார்த்தார். "இது அவ சூப் இல்ல" என்று சொல்லி, நிறைந்த கிண்ணத்தை அப்படியே தட்டுப் போட்டு மூடிவிட்டார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். "வாழ்க்கையில ஏற்ற இறக்கம் பார்த்த மனுஷன்" என்று நான் சொன்னால் முன்பெல்லாம் தலையில் ஒரு குட்டு விழும். இப்போது குட்டு வைக்கும் தூரத்துக்குக்கூட அவர் வருவதில்லை.

அம்மா பிப்ரவரியில் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் வயிறு நிறையச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. 'அவ சூப் ஒருநாள் வந்துடுச்சுன்னா எல்லாம் சரியாயிடும்' என்று அப்பா நினைக்கிறார் போலிருக்கிறது. வாயைத் திறந்து சொல்லவில்லை. அடுப்பைப் பார்க்கிற பார்வையில் தெரிகிறது.

ஜூன் 5, வியாழன்

லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் எப்படிப் பழுது தேடுவாரோ, அப்படியே சூப்பிலும் தேடுகிறார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். பருப்பு வாங்கும் கடையை மாற்றினார். பூண்டை நசுக்கிப் பார்த்தார், அரிந்து பார்த்தார், வதக்கிப் பார்த்தார். தக்காளி ஒருநாள் முதலில் குதித்தது, ஒருநாள் கடைசியில் குதித்தது. கேரட் மட்டும் பாவம், எப்படிப் போட்டாலும் கேரட்டாகவே இருந்தது.

"விசிலைக் குறைச்சுப் பாரேன்பா" என்றேன். சும்மா சொன்னதுதான்.

அப்படியே திரும்பினார். "நாலு விசில். உங்கம்மா என்கிட்ட தெளிவா சொன்ன கடைசி விஷயம் அது. எதுல வேணா கை வைப்பேன், அதுல வைக்கமாட்டேன்."

உண்மைதான். நானும் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிக்காமல், "எப்படி வைப்பேன்னு கேட்டுக்கோ, நீயே வச்சுக் கொண்டா" என்று அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். பருப்பு, பூண்டு, கேரட், தக்காளி, கொஞ்சம் மஞ்சள்தூள். குக்கரில் நாலு விசில். அப்புறம் திறந்துவைத்துக் கொதிக்கவிட்டு, கரண்டியின் முதுகாலேயே மசித்து, மிளகும் சீரகமும் தூவி, இறக்கியபின் எலுமிச்சை.

"நாலு. மறந்துடாதே. நாலு."

இரண்டு தடவை சொன்னாள். அப்பா வைத்து எடுத்துக்கொண்டு போவதற்குள் அவளால் எதையும் விழுங்க முடியாமல் போயிருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் நான் மட்டும். அப்பாவை எங்கேயோ சிக்கிக்கொண்ட லிஃப்ட்டுக்காகக் கூப்பிட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு டீச்சரின் குக்கர் விசில் அடித்தது. எனக்கு இப்போதெல்லாம் எந்த வீட்டுக் குக்கர் அடித்தாலும் உடம்பு தானாக எண்ண ஆரம்பித்துவிடுகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. அதோடு டீச்சர் அணைத்துவிட்டார். அடுத்தது எங்கே என்று காது கிடந்து தேடுகிறது.

அப்போ கேட்டுச்சு. "நாலாச்சு!"

பின்பக்கத்து பால்கனியிலேருந்து. அம்மா குரல். துணி காயப்போட்டுக்கிட்டே, வாயில கிளிப்பைக் கடிச்சுக்கிட்டுக் கத்துவாளே, அதே மாதிரி. சத்தியமா கேட்டுச்சு.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கொடியில் அப்பாவின் சட்டை ஒன்று. கிளிப்புகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்த்து, என்னையே பார்த்த மாதிரி இருந்தது. சமையலறையில் குக்கர் கவிழ்த்துவைத்தபடியே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. ஏன் தொட்டுப் பார்த்தேன்? சூடாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

அப்பா வரும்வரை வாசலில் செருப்புகளோடு செருப்பாக உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

சொட்டை இன்று கணக்கு வகுப்பில் தொடையில் கிள்ளினாள். (சொட்டை என் பக்கத்து இருக்கை. போன வருஷம் தானே கத்தரிக்கோல் பிடித்து முடி வெட்டிக்கொண்டதிலிருந்து அவள் பேர் அதுதான்.)

"குக்கர் வைடி. எவ்வளவு நாளாச்சு!"

என் வாய்க்கு இந்தப் பள்ளிக்கூடமே அடிமை. முதலில் பல்லிடுக்கில் 'உஸ்ஸ்' என்று ஆவி. அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பிறகு நாக்கை மடித்து ஒரே வீச்சு – அசல் குக்கர் விசில். கணக்கு சார் ஒருமுறை ஜன்னலைத் திறந்து, "யார் வீட்ல கரியுதுன்னு பாருங்கப்பா" என்று கேட்டிருக்கிறார். கரிந்தது அவர் பாடம்தான்.

வீட்டிலும் இதே வேலைதான். அம்மா பால்கனியில் துணியோடு இருப்பாள். விசிலைக் காதாலேயே எண்ணுவாள். குக்கர் மூன்று அடித்ததும் நான் நடையில் சுவரோடு ஒட்டி நின்று ஒன்று அடிப்பேன். "நாலாச்சு!" என்று கத்திக்கொண்டே ஈரக்கையோடு வந்து அடுப்பை அணைப்பாள். நான் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பேன். எத்தனை வருஷமாக! அலுக்கவே இல்லை.

இன்று வாயைக் குவித்தேன். காற்றுதான் வந்தது. மறுபடியும் காற்று.

"என்னடி, வாய்தா வாங்கிடுச்சா உன் வாய்?" என்றாள் சொட்டை. நல்ல சிலேடை. என்னுடையதாக இருந்திருக்க வேண்டியது.

பிப்ரவரியிலிருந்து ஒருதடவைகூட அடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜூன் 10, செவ்வாய்

அந்த நாலில் ஒன்று என்னுடையது.

ஜூன் 11, புதன்

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

அம்மாவின் குக்கர் மூன்றுதான் அடித்தது. எப்போதுமே மூன்றுதான். அதனால்தான் மூடியைத் திறந்தால் பருப்பு முழுசாக வெந்திருக்காது. "இந்தப் பருப்புக்கு உன்னை மாதிரியே அடம்" என்று சொல்லிவிட்டு, திறந்தபடியே கொதிக்கவைத்து மசிப்பாள். பாதி கரைந்து, பாதி பல்லில் தட்டுப்படும். அதுதான் ருசி. அப்பா நிஜமாகவே நாலு வைக்கிறார். பசை வராமல் என்ன வரும்!

ஒரு வார்த்தை சொன்னால் பழுது சரியாகிவிடும். வாய் வரமாட்டேன் என்கிறது. அப்பா சாமி மாதிரி வைத்திருக்கிற 'நாலு' என் வாயிலிருந்து போன காற்று என்று எப்படிச் சொல்வது?

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. சர்க்கரை டப்பாவில் உப்பு, கடிகாரத்தில் அரைமணி முன்னே, அப்பா குரலில் போன் – எது செய்தாலும் அம்மா பிடித்துவிடுவாள். காதைத் திருகி, "உன் பருப்பு என்கிட்ட வேகாதுடி, வாலு" என்பாள். இது ஒன்றைத்தான் அவள் பிடிக்கவே இல்லை. அதில் எனக்கு எவ்வளவு திமிர்! என் பருப்பு வெந்தது என்று.

இப்போ அது வேக வேணாம். அவ ஏமாந்துபோனவளா போயிருக்கக் கூடாது. கடைசியா சொன்னதுகூட என் பொய்யை நம்பித்தான் சொன்னாளா? தெரிஞ்சிருந்துச்சாம்மா உனக்கு? யார்கிட்ட போய்க் கேக்குறது இதை?

ஜூன் 14, சனி

அப்பா ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். மின்சாரக் குக்கர்.

"இதுக்கு விசிலே கிடையாது. வெந்ததும் தானா நின்னுடும்."

"சூப்?"

"போதும்மா. அவ கை எனக்கு வராது." பழைய குக்கரைத் துடைத்து, மூடியை அழுத்திப் பொருத்தினார். பழுது பார்க்க முடியாத லிஃப்ட்டில் ஒரு பலகை மாட்டிவிட்டு வருவாரே, அந்த முகம். "சித்தி கேட்டுக்கிட்டே இருந்தா. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றப்ப குடுத்துடலாம்."

இதுதான் சொல்ல வேண்டிய நேரம். "சரிப்பா" என்றேன். வாயாடியாம் நான்.

ஜூன் 17, செவ்வாய்

புதுக் குக்கர் வெந்ததும் 'பீப்' என்கிறது. ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூன் 20, வெள்ளி

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முயற்சி செய்தேன். காற்று. எச்சில். காற்று. வெளியே வந்தபோது அப்பா, "என்ன, உள்ள யாரையாவது ஊதி அணைச்சியா?" என்றார். பல மாதத்துக்குப் பிறகு ஒரு கிண்டல். நான்தான் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. சிரிப்பு மட்டும் அம்மாவினுடையது. அதனால் அவள் சிரிக்கும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பழைய குக்கரைக் கையில் வாங்கி, அதன் தலையில் தட்டினாள். "இதானா அந்த மூணு விசில் குக்கர்?"

நான் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தேன். நின்றுவிட்டேன்.

"நாலு" என்றார் அப்பா.

"என்ன மாமா நாலு? தினம் சாயங்காலம் போன்ல எங்கிட்டதானே பேசுவா. நடுவுல, 'இரு இரு, மூணு ஆயிடுச்சு, இப்ப என் வாலு வரும் பாரு'ம்பா. உடனே ஒரு விசில் கேக்கும். 'நாலாச்சு!'ன்னு ஒரு கத்து கத்துவா பாருங்க, எனக்குக் காதே கிழிஞ்சிடும். அப்புறம் குசுகுசுன்னு, 'போறேன்டி. நான் போய் அணைச்சாத்தான் அது நிம்மதியா சிரிக்கும்'னு வச்சிடுவா."

அப்பா சித்தியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நாலாவது நீயா?"

தலையாட்டினேன். தம்ளர் சாய்ந்து, தண்ணீர் பாதத்தில் கொட்டியது.

கால்மாட்டில் நின்றது அப்போதுதான் எனக்குத் திரும்பி வந்தது. முதல் 'நாலு'வை அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். இரண்டாவதை அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துச் சொன்னாள். அப்போது ஒரு கண் லேசாகச் சுருங்கியது. வலி என்று நினைத்தேன். இத்தனை நாளும் வலி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேகல. என் பருப்பு அவகிட்ட ஒருநாளும் வேகவே இல்ல.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வெளியே அப்பாவின் குரல் கேட்டது: "தப்பா நினைச்சுக்காதே. இந்தக் குக்கர் தர்றதுக்கில்ல."

"அப்போ அந்த 'பீப்' குக்கரையாவது குடுங்க மாமா, பையோட வந்துட்டேன்" என்றாள் சித்தி. அவள் குரலும் சரியாக இல்லை.

ஜூன் 23, திங்கள்

அப்பா மூன்றிலேயே அணைத்திருக்கலாம். கணக்குதான் தெரிந்துவிட்டதே. அணைக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒன்று. இரண்டு. மூன்று. காத்துக்கொண்டிருந்தார்.

நான் நடையில் என் பழைய இடத்தில். வாயைக் குவித்தேன். காற்று. குக்கருக்குள் ஆவி ஏறுவது கேட்டது. காற்று. நிஜமான நாலாவது விசில் வந்து என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

பசை. அப்பா ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார்.

ஜூன் 26, வியாழன்

பசை. என்னிடம் பசை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஜூன் 29, ஞாயிறு

இன்று அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து பால்கனிக்குப் போய்விட்டார். கிளிப்புகள் டக், டக் என்று கொடியில் உட்காரும் சத்தம் கேட்டது. அம்மா போனபிறகு இந்த நடையில் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. கண்ணை மூடினால் யாருடைய கை என்று சொல்ல முடியாது. மூடிக்கொண்டேன்.

மூன்றாவது விசில் அடங்கியது. கிளிப்புச் சத்தமும் நின்றது.

பல்லிடுக்கில் உஸ்ஸ். ஏறியது. நாக்கை மடித்தேன். வந்தது – நடுவில் கிழிந்து, கடைசியில் எச்சிலாகி, கோழி விக்கல் மாதிரி ஒன்று. ஆனாலும் வந்தது.

சுவரோடு ஒட்டி நின்றேன்.

பிறகு பால்கனியிலிருந்து, வாயில் கிளிப்பைக் கடித்த குரலில்: "நாலாச்சு!"

ஒரு குரல்தான், அப்பாவுடையது. நன்றாகக் காதுகொடுத்துக் கேட்டேன். ஒன்றுதான்.

ஈரக்கையோடு வந்து அணைத்தார். ஆவி இறங்கியபின் மூடியைத் திறந்தார். பருப்பு முழுசு முழுசாக எங்களைப் பார்த்து முழித்தது. "அடம்" என்று முனகினார். திறந்தபடியே கொதிக்கவிட்டு, கரண்டியின் முதுகால் மசித்தார். நான் மிளகு இடித்தேன். இறக்கியபின் அப்பா எலுமிச்சையைப் பிழிந்தார். முதல் வாயில் ஒரு பருப்பு பல்லில் தட்டுப்பட்டது. அப்பா அப்படியே கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது கதவைத் தட்டும் சத்தம். எதிர்வீட்டு டீச்சர்.

"தப்பா நினைக்காதீங்க சார், உங்க குக்கர் விசில் இன்னைக்கு என்னமோ மாதிரி வந்துச்சு. வெடிச்சு கிடிச்சு வைக்கப் போகுது. வால்வைக் கொஞ்சம் பாருங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பார்த்துட்டேன் டீச்சர்" என்றார். "வால்வு இல்ல. வாலு."

கிண்ணங்களை நான்தான் கழுவினேன். அப்பாவின் கிண்ணத்தில் கழுவ ஒன்றும் இல்லை.