ஆக்லாந்தில் திங்கள், நமக்கு ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், எதையும் மறைக்கமாட்டேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே ரரோடோங்கா தீவில் சித்தியோடு நான் நலம், பள்ளியும் நன்றாகப் போகிறது.

நீங்கள் கோத்த நத்தையோட்டு மாலைகளுக்கு இணையத்தில் முதல் ஆர்டர் வந்துவிட்டது! ஆக்லாந்துக் கடை ஒன்றுக்குப் பன்னிரண்டு மாலைகள் வேண்டுமாம். ஆனால் அங்கே திங்கள் நண்பகலுக்குள் நாம் 'சரி' என்று அழுத்தாவிட்டால் வங்கி பணத்தைத் திருப்பிவிடும், ஆர்டர் ரத்தாகிவிடும். நாம் தேதிக்கோட்டுக்கு மறுபுறம் இருப்பதால் அப்போது நமக்கு இன்னும் ஞாயிறுதான். ஆலயத்திலிருந்து நேரே என்னோடு தன் அலுவலகத்துக்கு வந்த துவாய்னே சித்தி, ஆலயத்துக்குப் போட்ட தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஞாயித்துக்கிழமை வியாபாரமா? போடி!" என்றார்.

"வாங்கறவங்களுக்கு இன்னைக்குத் திங்கக்கிழமை, சித்தி."

"அப்ப அவங்களே அமுக்கட்டும்!"

"அம்மா ரெண்டு மாசமா கோத்தது, சித்தி."

 சித்தி தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கிக் கணினியில் செருகினார்.

"நீ திங்கக்கிழமைல உக்காந்து அமுக்குடி. நான் ஞாயித்துக்கிழமைல உக்காந்து ஜெபம் பண்றேன்."

இணைப்பு இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை, ஆக்லாந்து நண்பகலுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. சித்தி கண்ணைத் திறக்காமலே, "போச்சா?" என்றார். "போச்சு" என்றேன். "ஆமென்!" என்று கத்தினார்.

மாலைகளை நம் தீவிலிருந்து வரும் வெள்ளிக்கிழமை விமானத்தில் அனுப்புங்கள். கூடவே நம் தோட்டத்துச் சேப்பங்கிழங்கு நாலு, கோக்காத நத்தை ஓடுகள் ஒரு பிடி வையுங்கள். பள்ளி விட்டு வந்தபின் என் கைகளுக்கு வேலையே இல்லை.

இதைச் சித்தியின் அலுவலகத்தில் எழுதுகிறேன். கடைசி வரி கோணலாக இருந்தால் கவலைப்படாதீர்கள், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் சித்தி விளக்குகளை அணைத்துவிட்டார்.

உங்கள் தெரெமோவானா