வெற்றுத்தாளில் முப்பத்தாறு கையெழுத்து

செவ்வாய், 4
காலையிலிருந்து மழை. அப்பாவுக்குத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் வேலை இல்லை. கோலா சிலாங்கூரில் நான் வேலை செய்யும் கிளினிக் கவுண்டரும் காலி.

வாங்க: எண்ணெய், அப்பாவின் பிரஷர் மாத்திரை, கல்யாண ரிஜிஸ்டருக்குக் கட்ட ஒரு சேலை (பச்சை வேண்டாம்).

மதியம் சரவணன் வந்தான். எங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி.யின் உதவியாளர் என்று அட்டை தொங்கவிட்டுக்கொண்டு ஒரே பந்தா. எஸ்டேட்டை விற்றாலும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் முப்பத்தாறு குடும்பத்துக்கும் அங்கேயே சொந்த வீடு உறுதியாம். போன மாதம் நான் வீடு வீடாக வாங்கிக் கொடுத்த கையெழுத்தால்தான் காரியம் நடந்ததாம். பெருமையாக இருந்தது. அவன் தட்டிலிருந்த மீ கோரெங்கையும் நானே தின்றேன். அடுத்த மாதம் அவனோடு ரிஜிஸ்டர்.

வியாழன், 6
வெயில். ஜெயா அக்கா பிரஷர் பார்க்க வந்தார். எஸ்டேட்டை வாங்கும் கம்பெனியின் வக்கீலிடம் வேலை செய்பவர். பிரஷர் சும்மா சாக்கு. போனை நீட்டினார். மலாயில் ஒரு கடிதம். நாங்கள் வீடு கேட்கவில்லை, மூன்று மாதத்தில் லயத்தைக் காலி செய்ய முழு சம்மதம். கீழே எங்கள் ஆட்களின் கையெழுத்து, முதலில் அப்பாவுடையது. கம்பெனி ஒய்.பி.யின் மச்சானுடையதாம்.

"நான் காட்டுனேன்னு யாருக்கும் தெரியக்கூடாது தேவி. வேல போயிடும்."

கையெழுத்து வாங்கியபோது தாள் வெறுமையாக இருந்தது. வீடு கேட்கும் கடிதம் டைப் ஆகிறது, பிறகு மேலே வைத்துக்கொள்ளலாம் என்றான் சரவணன். எங்கள் லயத்தில் யாரும் தாளைப் பார்ப்பதில்லை. கோயில் கூட்டமோ தீபாவளி அன்பளிப்புப் பையோ, நீட்டுவது யார் என்று பார்த்துத்தான் போடுவார்கள். நீட்டியவள் நான்.

வெள்ளி, 7
சரவணனிடம் அவன் காரில் வைத்துக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். இல்லை என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை பாவி.

"உனக்கும் அப்பாவுக்கும் தஞ்சோங் காராங்ல வீடு பேசிட்டேன்லா. மத்தவங்களப் பத்தி உனக்கென்ன?"

என்னைப் பிடித்தது கையெழுத்து தேவைப்படுவதற்கு முன்னாலா, பின்னாலா என்றேன். ஏர்கோனைக் கூட்டினான். பிறகு மெதுவாகத்தான் சொன்னான்:

"கடிதத்துல சாட்சின்னு உன் பேருதான் இருக்கு. வாயத் தொறந்தா மொதல்ல உள்ள போறது நீ."

இரண்டு வருஷக் காதல். தூ. நம்பரை பிளாக் செய்தேன். அழக்கூடாது என்று நினைத்தேன், பஸ்ஸில் அழுதுவிட்டேன்.

சனி, 8
அப்பாவிடம் சொன்னேன். தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். பிறகு போன மாதம் மாதிரியே வீடு வீடாக ஏறி இறங்கினேன். சிலர் திட்டினார்கள். சிலருக்குப் புரியவே நேரமாயிற்று. முனியம்மா அத்தை சத்தம் போடவில்லை.

"ஒம் மூஞ்சியப் பாத்துத்தானடி போட்டேன்," என்று கதவைச் சாத்தினார்.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஞாயிறு, 9
மேகமூட்டம். அப்பா மோட்டார் சைக்கிளில் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். லயத்திலிருந்து பதினொரு பேர் முன்னாலேயே வந்திருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

கடிதம் எப்படித் தெரிந்தது என்று மலாயில் கேட்டார் போலீஸ்காரர். சொல்லமாட்டேன் என்றேன். ஏமாற்றியது யார் என்று அடுத்துக் கேட்டார். அப்பா முந்திக்கொண்டு சரவணன் பெயரைச் சொன்னார், மகளுக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

ஏமாற்றியது இரண்டு பேர், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். முதலில் என் ஐ.சி. அடையாள அட்டையை எடுத்து வைத்தேன்.