கேட்டது தெரியும், திறந்தது தெரியாது

மார்ச் 3
பூனை இன்று என் தலையில் ஒரு வேலையைக் கட்டியது. பூனை என்றால் எங்கள் மேனேஜர்; காலடிச் சத்தமே கேட்காது, திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்கும். எங்கள் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் புதிதாக ஒரு சிஸ்டம் கால், அதாவது மற்ற நிரல்கள் கெர்னலிடம் கேட்க ஒரு வழி, சேர்க்க வேண்டுமாம். 'இந்த ஆள் இந்த ஃபைலைப் படிக்கலாமா?' என்று கேட்டால், ஃபைலைத் திறக்காமலே கெர்னல் 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்ல வேண்டும்.

வீட்டில் சொன்னேன். "கேட்டுட்டுத் திறக்கறதா? முதல்ல ஃபிரிட்ஜ்லேர்ந்து ஆரம்பிங்க" என்றாள் மனைவி.

மார்ச் 5
டெஸ்டிங் பார்க்கும் பெண் (பக்கத்து நாற்காலி, என்னை அண்ணா என்பவள்) ரகசியமாகச் சொன்னாள்: "முழுகாம இருக்கேன்ணா. இருபதாம் தேதி வேலை நிரந்தரமாகற வரைக்கும் மூச்சு விடாதீங்க." போன வாரம்தான் பூனை, "நீண்ட லீவு எடுக்கறவங்க நமக்கு வேணாம்" என்றது.

நானோ ஓட்டை வாய். அதனால் இங்கே மட்டும் கொட்டுகிறேன். வீட்டு நோட்டில் எழுதினால் மனைவி படிப்பாள். ஆபீஸ் கணினியில் இந்த ஃபைலை என்னைத் தவிர யாரும் திறக்க முடியாது.

மார்ச் 9
வேலை செய்கிறது! 'இல்லை' வருகிறதா என்று சோதிக்க, பூட்டிய ஃபைல் ஒன்று வேண்டும், இந்த நாட்குறிப்பையே கொடுத்தேன். 'இல்லை.' அடுத்து, எல்லோருக்கும் திறந்துவிட்டுக் கேட்டேன். 'ஆம்.' கைதட்டல், கேக். பூனையே முதுகில் தட்டியது.

மார்ச் 11
இதை டிராயரில் கிடந்த காகிதத்தில் எழுதுகிறேன்.

யார் எந்த ஃபைலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று என் திரையில் காட்ட, சோதனைக்காக ஒரு வரி எழுதியிருந்தேன். இன்று அதில் — கேட்டவர், பூனை. ஃபைல், என் நாட்குறிப்பு. சோதனை நிரலிலேயே அதன் இடத்தைக் குறித்து வைத்த மகா புத்திசாலி நான்.

பதில்: 'ஆம்.'

ஐயோ, கேக்கைப் பார்த்ததும் பூட்ட மறந்துட்டேனே!

திறந்து படித்தாரா? தெரியாது. கேட்டதை மட்டும்தான் காட்டும். நானே அப்படித்தானே எழுதினேன்?

மார்ச் 12. காகிதத்தில்
காபி மெஷின் அருகே, முதுகுக்குப் பின்னால் குரல். "பயந்துட்டீங்களா? பூனை மாதிரி வந்துட்டேனோ?" சிரித்தார். பல் மட்டும்.

நாற்காலிக்குத் திரும்பினால், பக்கத்தில் அவள் குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறாள். எந்த முகத்தோடு சொல்வேன்?

படிக்கிறார் அல்லவா? படிக்கட்டும். ஃபைலைப் பூட்டவில்லை. இனி அதில் எழுதுவது அவருக்காக.

மார்ச் 13. கணினியில்
அன்பு நாட்குறிப்பே, வெட்கக்கேடு! டெஸ்டிங் பெண்ணைப் பற்றி ஐந்தாம் தேதி எழுதியது சுத்தப் புளுகு. மச்சினியின் விசேஷத்தை இவள் தலையில் கட்டிவிட்டேன். வம்பு கிடைக்காத நாளில் நானே தயாரித்துக்கொள்பவன். மேனேஜரைப் பூனை என்றதும் வயிற்றெரிச்சலில்தான். அவருடையது சிங்க நடை.

மார்ச் 16. காகிதத்தில்
கேட்டவர், பூனை. 'ஆம்.'

முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மார்ச் 20. காகிதத்தில்
டெஸ்டிங் பெண் உத்தரவோடு ஓடி வந்தாள். நிரந்தரம். "உங்களைப் போய் ஓட்டை வாய்னு நெனச்சேனே! யார்கிட்டயும் சொல்லலையேண்ணா!"

"வாயைத் திறக்கவே இல்லைம்மா."

மாலையில் பூனை என் மேசையோரம். "கற்பனை ஜாஸ்தி உங்களுக்கு. இப்படிப்பட்டவர் கைல கெர்னல் இருக்கலாமா?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். சத்தமே இல்லை.

நாட்குறிப்பைத் திறக்கப் போனேன். திறக்க மாட்டேன் என்றது. என் சிஸ்டம் காலிடமே கேட்டேன்: நான் படிக்கலாமா?

'இல்லை.'

சரியாகத்தான் வேலை செய்கிறது.